துக்கக் காபி யார் பெயரில்

ருதைனாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார் ஹாஜி வஸ்ஃபி. எங்கள் காபிக் கம்பெனியின் முதலாளி. ருதைனாவை ஆபீஸ் முழுவதற்கும் பொறுப்பாளராக ஆக்கியிருக்கிறார். அதற்கு ஒரு சின்ன விழா. "அவளை உன்ன மாதிரி தெரிஞ்சவங்க யாரு இருக்கா, அபூ கைஸ்? நீயே எழுது" என்றார். எழுதினேன். உழைப்பு, நேர்மை, சிரித்த முகம் என்று நாலு சொல்லை வைத்துக்கொண்டு பக்கத்தை நிரப்பினேன். எல்லோரும் கைதட்டினார்கள். இது அந்தப் பக்கம் இல்லை.

எனக்கு அவள்மேல் பொறாமை. சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது. நேற்று இன்று வந்த பொறாமையும் இல்லை. ஸர்கா நகரில் ஒரே வணிகக் கல்லூரியில், ஒரே வகுப்பில் படித்தோம். மதிப்பெண் எனக்குத்தான் அதிகம். வேண்டுமானால் சான்றிதழைக் காட்டுவேன், ஆனால் யாரும் கேட்பதில்லை. ஒரே வருடம் தலைநகரான அம்மானுக்கு வேலைக்கு வந்தோம், ஒரே கம்பெனிக்கு. நான் கிடங்குக்குப் போனேன். அவள் ஆர்டர் எடுக்கும் போன் முன்னால் உட்கார்ந்தாள்.

அவள் அப்பா அபூ ஃபஹ்மி, ஸர்கா அம்மான் பஸ்ஸில் டிரைவராக இருந்தவர். அவருடைய குரல் இவளுக்கு அப்படியே வந்திருந்தது. போனில் இவள் சிரித்தால் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன் திரும்பிப் பார்ப்பான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பாள். மேசையிலேயே ஃபலாஃபெல் என்கிற கடலை வடையைச் சாப்பிட்டு, ஊறுகாய்க் கையோடு கீபோர்டைத் தொடுவாள். வேலையில் தப்பும் செய்வாள். செய்துவிட்டு, "ஐயோ, நான்தான் சொதப்பிட்டேன்" என்று ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி சொல்வாள். நான் தப்பே செய்ய மாட்டேன். ஆனாலும் டீ போடுகிறவர் முதல் கோப்பையை அவள் மேசையில்தான் வைப்பார்.

பரவாயில்லை என்று இருந்தேன். ஏனென்றால் இந்தக் கம்பெனியில் எனக்கென்று ஒரே ஒரு பெருமை இருந்தது. அது அவளிடம் இல்லை.

எங்கள் பக்கம் சாவு வீட்டில் சர்க்கரை போடாத கசப்புக் காபிதான். வருகிறவர்கள் ஒரு சின்னக் கோப்பை குடித்துவிட்டு, "அல்லாஹ் அவருக்குக் கருணை காட்டட்டும்" என்று சொல்லி எழுந்து போவார்கள். எங்கள் வாடிக்கைக் கடைக்காரர் வீட்டில் சாவு என்றால், அந்தக் காபியை நாங்கள் அனுப்புவோம். விலை கிடையாது, ஆர்டர் கிடையாது. அடக்கம் முடிந்து ஆட்கள் வீடு திரும்புவதற்குள், ஏலம் சேர்த்து அரைத்த காபி அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஹாஜியின் அப்பா காலத்து வழக்கம். அதை எடுத்துக் கொடுப்பவன் நான். எடுத்துக் கொடுத்ததோடு நிற்காமல் நானும் போவேன். வரிசையில் நின்று கை கொடுப்பேன். "அபூ கைஸ் வந்துட்டார், காபி வந்தாச்சு" என்று அந்த வீட்டு ஆண்கள் சொல்வதைக் கேட்க எனக்குப் பிடிக்கும். துக்க வீட்டில் இப்படி ஒரு சந்தோஷமா என்று நீங்கள் கேட்கலாம். மற்ற இடங்களில் எனக்கு அது கிடைக்கவில்லையே.

பிறகு சிஸ்டம் வந்தது.

பச்சைக் கொட்டை வந்து இறங்குவது முதல் பொட்டலம் கடைக்குப் போவது வரை எல்லாம் ஒரே கம்ப்யூட்டர் சிஸ்டத்துக்குள் இருக்க வேண்டும் என்று ஹாஜி முடிவு செய்தார். அதைப் பொருத்திக் கொடுக்க ராமி என்ற ஒல்லியான பையன் கோட்டு போட்டுக்கொண்டு வந்தான். நம்மில் ஒருவர் முதலில் கற்றுக்கொண்டு மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். அது நான்தான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. முதல் கூட்டத்துக்குப் புதுச் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன்.

ராமி ரொம்ப நேரம் பேசினான். முடித்துவிட்டு, "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்றான். யாரும் கை தூக்கவில்லை. எனக்கும் பாதிதான் புரிந்திருந்தது. ஆனால் நான் கௌரவமாகத் தலையாட்டினேன். ருதைனா கையைத் தூக்கினாள்.

"தம்பி, நீ வாயைத் திறந்ததுலேர்ந்து எனக்கு ஒண்ணும் புரியல. மொதல்லேர்ந்து சொல்லு. கொஞ்சம் மெதுவா சொல்லு."

எல்லோரும் சிரித்தார்கள். ஹாஜியும் சிரித்தார். "இவதான் சரி. இவளுக்குப் புரிஞ்சா எல்லாருக்கும் புரியும்" என்றார். என் காதில் புகை வந்தது. தெரியாது என்று சொன்னதற்குப் பரிசா? அப்படியானால் இத்தனை வருடம் எல்லாம் தெரிந்த மாதிரி நான் இருந்தது எதற்கு?

சிஸ்டம் ஓட ஆரம்பித்ததும் எல்லாம் குட்டிச்சுவர் ஆனது. கொட்டையை வறுத்தால் எடை குறையும், அது எங்கள் தெருப் பூனைக்கும் தெரியும். ராமிக்குத் தெரியாது, அதனால் சிஸ்டத்துக்கும் தெரியாது. ஒவ்வொரு காலையும் அது எங்களைத் திருடர்கள் என்றது. கடைக்காரர்களை நாங்கள் மூத்த மகன் பேரை வைத்து அபூ இன்னார் என்றுதான் கூப்பிடுவோம். அடையாள அட்டையில் இருக்கும் பேர் அவர்கள் மனைவிக்கே மறந்து போயிருக்கும். சிஸ்டமோ அட்டையில் இருக்கிற பேரைத்தான் கேட்டது. வேன்கள் வாசலில் வரிசை கட்டி நின்றன, டிரைவர்கள் ஹாரன் அடித்தார்கள். பாதிப் பேர் பழையபடி வாய்வார்த்தையில் வேலையை முடித்துவிட்டு, சாயங்காலம் உட்கார்ந்து எதையாவது தட்டி ஏற்றினார்கள். அதனால் அடுத்த நாள் இன்னும் குழப்பம்.

இதெல்லாம் சேர்ந்து அவளைக் கவிழ்த்துவிடும் என்று நினைத்தேன். கவிழவில்லை. ஒவ்வொரு மேசையாகப் போய் உட்கார்ந்தாள். "நேத்து நானும் இதே தப்பைத்தான் பண்ணேன், விடு" என்று ஆரம்பிப்பாள். உடனே எதிரே இருக்கிறவன் தன் தப்பை எல்லாம் கொட்டிவிடுவான். வறுக்கும் பிரிவுக்காரன் முதல் கணக்குப் பிரிவுப் பெரியவர் வரை, "ஸித் ருதைனா, கொஞ்சம் வாங்களேன்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஸித் என்றால் அம்மணி மாதிரி ஒரு மரியாதை. என் மேசைக்கும் வந்து, "உங்களுக்கு ஏதாவது வேணுமா, அபூ கைஸ்?" என்றாள். "எனக்கு என்ன வேணும்? எல்லாம் அப்பவே புரிஞ்சுடுச்சு" என்றேன். அவள் போன பிறகு, ஒரு மூட்டையை ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு மாற்றச் சிஸ்டத்தோடு மாலைவரை மல்லுக்கட்டினேன்.

அபூ ஸாரி இறந்த செய்தி ஒரு காலையில் வந்தது. ஸல்த் ஊர்க்காரர், எங்களுடைய மிகப் பழைய கடைக்காரர். சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார்கள். ருதைனா கிடங்குக்கு ஓடி வந்தாள்.

"அபூ கைஸ், அபூ ஸாரி போயிட்டார். காபி எடுங்க."

"எடுக்கறேன். சீட்டு எங்க?"

"சாவுக்கு எந்தக் காலத்துல சீட்டு கேட்டீங்க?"

"நானா கேக்கறேன்? உங்க சிஸ்டம் கேக்குது. சீட்டு இல்லாம கேட்ல ஒரு கொட்டைகூட வெளிய போகாதுன்னு பாடம் எடுத்தது யாரு, ஸித் ருதைனா?"

நான் சொன்னது உண்மைதான். கேட்டில் சீட்டைக் காட்டினால்தான் வேன் நகரும். அவள் என் கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டாள். அபூ ஸாரி பேரில் போட்டுப் பார்த்தாள். இறந்தவர் என்று கணக்குப் பிரிவில் காலையிலேயே மரியாதையாகக் குறித்துவிட்டிருந்தார்கள், அதனால் அவர் பேரில் ஆர்டர் ஏறவில்லை. ராமிக்குப் போன் போட்டாள். "இலவசமா அனுப்பறதுக்கு இதுல வழி வைக்கலையே. விளம்பரச் செலவுன்னு போட்டு அனுமதி வாங்கலாம், நாளைக்கு ஆயிடும்" என்றான்.

"விளம்பரமா? செத்த வீட்டுக்குப் போறது உனக்கு விளம்பரமா? உங்க வீட்டுல சாவே விழுந்ததில்லையா, தம்பி?" என்று போனை வைத்தாள். ஊழியர்கள் தங்கள் வீட்டுக்குக் காபி எடுத்துக்கொள்ள அதில் ஒரு வழி இருந்தது. தன் பேரைப் போட்டாள். காரணம் என்ற இடத்தில் துக்கக் காபி என்று அடித்தாள். கீழே குறிப்பில் ஸல்த் விலாசத்தை எழுதினாள். சீட்டு வெளியே வந்தது.

காபியை எடுத்துக் கொடுத்தேன். இத்தனை காலம் என் கையால் போனது, இன்றைக்கு அவள் பேரில் போகிறது. எனக்கென்று இருந்த ஒன்றும் போயிற்று. வேன் வந்து சேரும்போது வாசலில் நிற்பவன் நானாகவாவது இருக்க வேண்டும் என்று, அடக்கத்துக்கே என் காரில் முன்னால் கிளம்பிப் போய்விட்டேன்.

அடக்கம் முடிந்து வீட்டுக்குத் திரும்பினோம். எங்கள் காபி வரவில்லை. எங்கள் போட்டிக் கம்பெனிக்காரன் ஒருவன் கெட்டிலைப் பிடித்துக்கொண்டு ஊற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தான். அதற்குப் பதில் ஓர் அறை விட்டிருக்கலாம். அபூ ஸாரியின் மகன்கள் எனக்குக் கை கொடுத்துவிட்டு என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். வேன் டிரைவர் ஷஹாதாவுக்குப் போன் மேல் போன் போட்டேன். எடுக்கவில்லை.

கூனிக்குறுகி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். உள்ளதைச் சொல்கிறேன், அந்த வெட்கத்துக்கு அடியில் ஒரு குஷி இருந்தது. விழுந்தாள், கடைசியில் அவள் விழுந்தாள் என்று மனசு கூத்தாடியது. நாளைக்கு ஹாஜி முன்னால் என்ன சொல்வது என்றுகூட வார்த்தை கோக்க ஆரம்பித்துவிட்டேன்.

நடந்தது இதுதான். குறிப்பில் எழுதினது சீட்டில் அச்சாகாது. பேருக்கு உரிய வீட்டு விலாசத்தைச் சிஸ்டம் தானாகவே போட்டுவிடும். சீட்டில் பெரிதாக ருதைனா என்று இருந்தது, துக்கக் காபி என்று இருந்தது, ஸர்காவில் அவள் அப்பாவின் வீட்டு விலாசம் இருந்தது. அபூ ஸாரி செய்தி இன்னும் காதுக்கு எட்டாத ஷஹாதா அதைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். அபூ ஃபஹ்மி போய்விட்டார்!

அவளிடம் கேட்டிருக்கலாமே என்பீர்கள். எப்படிக் கேட்பான்? அப்பா போனது மகளுக்கு இன்னும் தெரியாது, வீட்டுக்கு வரும்வரை மறைக்கிறார்கள் என்று நினைத்தான். நாங்கள் அப்படித்தான் செய்வோம். மூட்டை ஏற்றினவர்கள் காதில் மட்டும், "வாயைத் திறக்காதீங்க, அவங்களுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு ஸர்காவுக்கு வண்டியை விட்டான். கொஞ்ச நேரத்தில் ஆபீஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது, அவள் ஒருத்தியைத் தவிர. டீ போடுகிறவர் கண்ணீரோடு மறுபடியும் டீ வைத்தார். கணக்குப் பிரிவுப் பெரியவர், "மகளே, நாங்கெல்லாம் இருக்கோம்" என்று தலையைத் தடவினார். சிஸ்டத்தால் எல்லோருக்கும் மூளை கலங்கிவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாளாம். பொய்ச் சாவில்கூட அவளுக்குக் கிடைக்கிற பாசத்தைப் பாருங்கள்.

ஷஹாதா கதவைத் தட்டியபோது திறந்தது அபூ ஃபஹ்மிதான், பைஜாமாவோடு.

"நீங்களா!" என்று அலறி, ஷஹாதா அவரைக் கட்டிக்கொண்டு அழுதானாம்.

"நான்தான். என் வீட்டுல வேற யாரு இருப்பா? இவ்வளவு காபி யாருக்கு?"

"உங்களுக்குத்தான், மாமா. நீங்க செத்துட்டீங்கன்னு."

வேனில் வந்த காபியைப் பார்த்துத் தெருவே திரண்டுவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் துக்க உடுப்பு மாட்டிக்கொண்டு ஓடி வந்து, "அடப்பாவி, உயிரோட இருக்கியா? நான் நாற்காலிக்கெல்லாம் சொல்லிட்டேனே!" என்றார்.

"சொன்னது சொன்னதா இருக்கட்டும். எப்படியும் ஒரு நாள் வேணும்ல?" என்றார் அபூ ஃபஹ்மி. பிறகு மகளுக்குப் போன் போட்டு விஷயம் தெரிந்துகொண்டார். அவள் போனில் அழுகிற அளவுக்குப் போய்விட்டாள். "ஸல்த்ல அந்த வீட்டுல ஒரு கோப்பை நம்ம காபி இருக்காதுப்பா. எல்லாம் நான் பண்ண தப்பு" என்றாளாம். கிழவர் போனை வைத்துவிட்டுத் தெருவைப் பார்த்துச் சொன்னார்:

"துக்க உடுப்பு போட்டுக்கிட்டு வந்தாச்சு. வாங்க, துக்கத்துக்கே போயிடுவோம். துக்கக் காபி, சாவில்லாத வீட்டுல இருக்கக் கூடாது."

இது எதுவும் தெரியாமல் நான் ஸல்த்தில் உட்கார்ந்து வார்த்தை கோத்துக்கொண்டிருந்தேன். மேட்டில் ஒரு பழைய ஸர்கா பஸ் முக்கிக்கொண்டு ஏறி வந்து நின்றது. ஸ்டீயரிங்கில் அபூ ஃபஹ்மி. பின்னால் எங்கள் வேன். பஸ்ஸிலிருந்து ஆண்கள் இறங்கினார்கள், இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அபூ ஸாரியைக் கண்ணால்கூடப் பார்த்திராத ஸர்காக்காரர்கள். ஒவ்வொருவராக வரிசையில் வந்து மகன்களுக்குக் கை கொடுத்தார்கள். மூத்தவன் ஸாரி என் தோளைப் பிடித்துக்கொண்டு, "எங்க அப்பாவுக்கு இவ்வளவு பேரா, அபூ கைஸ்?" என்று குழந்தை மாதிரி அழுதான்.

போட்டிக் கம்பெனிக்காரனின் கெட்டிலை அவர்களே ஓரமாக வைத்துவிட்டார்கள். எங்கள் காபி கொதித்து, ஏல வாசனை வாசல்வரை வந்தது. அபூ ஃபஹ்மி ஒரு கோப்பை வாங்கிக் குடித்துவிட்டு என்னிடம், "என் சாவுக் காபியை நானே குடிச்சுட்டேன், நல்லாத்தான் இருக்கு" என்றார். நான் சிரிக்கவில்லை. நான் ஒழுங்காகச் செய்த எந்த வேலைக்கும் இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை. இவள் சொதப்பினால் ஒரு பஸ் நிறைய மரியாதை வருகிறது. விழுவதிலும் இவள் ஜெயிப்பாள் என்றால் மனுஷன் எங்கே போய் முட்டிக்கொள்வது?

அடுத்த நாள் ஹாஜி முன்னால் நான் கோத்து வைத்த வார்த்தைகளுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. எனக்கு முன்னால் அவளே, "நான்தான் சொதப்பிட்டேன், ஹாஜி" என்று சொல்லிவிட்டாள். அதோடு ராமியைப் பிடித்து உட்கார வைத்தாள். துக்கக் காபிக்கென்று சிஸ்டத்தில் தனி வழி வேண்டும், விலை கேட்கக் கூடாது, இறந்தவர் என்று குறித்தாலும் மறுக்கக் கூடாது, விலாசத்தைக் கையால் எழுத வேண்டும் என்றாள். ராமி சேதாரம் என்ற தலைப்பில் போடலாமா என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். கடைசியில், இதற்கு யாராவது ஒருவர் ஒப்புதல் தர வேண்டும், ஹாஜி பேரைப் போடட்டுமா என்றான்.

"அபூ கைஸ் பேரைப் போடு" என்றாள்.

நான் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து இன்றுவரை, கம்பெனியில் துக்கக் காபிக்கு ஒப்புதல் தரும் பொத்தானின்மேல் என் பேர்தான் இருக்கிறது. ஹாஜியே நினைத்தாலும் நான் அழுத்தாமல் ஒரு கொட்டை போகாது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? முன்பு அது என்னுடையதாக இருந்தது. இப்போது அவள் கொடுத்ததாக ஆகிவிட்டது. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் அது உறுத்துகிறது.

"ஏன் என் பேரைப் போட்டீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வேற யாரு பேரைப் போடுவாங்க? நீங்கதானே எப்பவும் போறீங்க?" என்று சொல்லிவிட்டு ஃபலாஃபெலைக் கடித்தாள். கொஞ்சம் தலைக்கனமாகப் பதில் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்.

போன குளிர்காலத்தில் அபூ ஃபஹ்மி இறந்துவிட்டார், இந்தத் தடவை நிஜமாகவே. செய்தி வந்தவுடன், யாரும் சொல்வதற்கு முன்னால், நானே பேரை அடித்தேன், ஸர்கா விலாசத்தைக் கையால் எழுதினேன், பொத்தானை அழுத்தினேன். வேனில் ஷஹாதாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். ஷஹாதா வழி முழுக்க அழுதான். தெரு நிரம்பி வழிந்தது. ஸல்த்திலிருந்து அபூ ஸாரியின் மகன்கள் ஒரு பஸ் பிடித்து ஊர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். நான் போனால் என் தெருவில் இதில் பாதியாவது நிற்குமா என்று அங்கேயும், அந்த நேரத்திலும் நினைத்தேன். என் புத்தி அப்படி.

மூட்டையை இறக்கும்போது ருதைனா கதவுக்கு வெளியே வந்தாள். கறுப்பு உடை, அழுது வீங்கிய முகம். காபியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இந்தத் தடவை விலாசம் சரியா வந்துடுச்சு, அபூ கைஸ்" என்றாள்.

சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே உடைந்து அழுதாள். மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய், காபியை அடுப்பில் நானே ஏற்றினேன்.